கூட்டணி ஆட்சியும் கடற்படைத் தலைமையும்

மட்டாஞ்சேரிப் படகுத் துறையில் நின்று கிழக்கே நோக்குவார்க்குக் காயலுக்கு அப்பால் வில்லிங்டன் தீவு தென்படும். அது இயற்கை அளித்த தீவன்று. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது வாரியெடுத்த மண்ணால் எழுந்த நிலம் அது. அத்தீவை ஒட்டியே இந்தியக் கடற்படையின் தென்பிராந்தியத் தலைமையகம் அமைந்துள்ளது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்குப் படையினர் புதியவரல்லர். டச்சுக்காரர் தம் வீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து தருவித்தோரின் வழிவந்தவர்கள் என்று தம் மரபைக் கூறிக்கொள்ளும் குடும்பங்கள், ஃபோர்ட் கொச்சியின் வேலிப் பகுதியில் அத்தொழிலை வழிவழியாகச் செய்து வருகின்றன. அந்தத் தலைமையகத்தில் பணியாற்றிய தமிழர் ஒருவர், 1998ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் திடீரெனத் தில்லிக்கு அழைத்துச் செல்லப்பட்ட வரலாறு நம்மவர் பலர்க்கு நினைவிருக்கலாம். அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை ஒருங்கே வைத்து எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அவர் வைஸ் அட்மிரல் சுசில் குமார். குமரி மாவட்டத் தொடர்புடையவர். தென்பிராந்தியத் தளபதியாக இருந்த அவரை அரசு கொச்சியிலிருந்து ஓசையின்றி வானூர்தியில் வரவழைத்தது. டிசம்பர் 30ஆம் நாள், கடற்படைத் தலைமைத் தளபதியாக விளங்கிய அட்மிரல் விஷ்ணு பகவத் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவ்விடத்தில் சுசில் குமார் அமர்ந்தார். விடுதலை பெற்ற இந்தியாவில் முப்படைத் தலைவர்களுள் ஒருவர் பதவி நீக்கம் செய்யப்பட்டது அதுவே முதன்முறை. பாதுகாப்புத் துறைச் செயலாளர் அஜித் குமாரும் உடனே வேறு துறைக்கு மாற்றப்பட்டார்.

இவ்வளவு கடுமையான நடவடிக்கைக்கு உடனடிக் காரணமாய் அமைந்தது ஒரு நியமனம். வைஸ் அட்மிரல் ஹரீந்தர் சிங்கைக் கடற்படைத் துணைத் தலைவராக்குமாறு அமைச்சரவையின் நியமனக் குழு ஆணையிட்டது. கடற்படைச் சட்டத்தையும் விதிகளையும் காட்டி, அவ்வாணை நிறைவேற்றத் தக்கதன்று எனப் பகவத் எழுத்து மூலம் மறுத்தார். தம்மோடு நின்று போர்ப் பணிகளை நடத்த வேண்டியவரைத் தெரிவு செய்வதில் தலைமைத் தளபதிக்கு இடமில்லையா என்பது அவர் தரப்பு. அமைச்சரவை முடிவெடுத்த பின் கீழ்ப்படிய மறுப்பது குடியாட்சிக்கு ஒவ்வாது என்பது அரசின் தரப்பு. இவற்றுக்கிடையே ஹரீந்தர் சிங் அளித்திருந்த முறையீடு ஒன்றில் தளபதியின் துணைவியாருடைய மதப் பின்னணியும் அரசியற் சார்பும் இழுக்கப்பட்டன. பணி உயர்வு பற்றிய வழக்கில் இதற்கு என்ன இடம் உண்டு? அத்தகைய தாளைப் படித்தவுடன் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதில் இரு பக்கமும் ஒரு முரண் இருந்தது. கீழ்ப்படிதலை வலியுறுத்திய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், 1974ஆம் ஆண்டு ரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர்; நெருக்கடி நிலைக் காலத்தில் சிறை கண்டவர்; ஆணைகளை எதிர்த்தே பேரெடுத்தவர். தம் கீழுள்ளோர் முறையீட்டை வெறுத்த பகவத்தோ, 1990ஆம் ஆண்டில் தம் பணிநிலை குறித்து மும்பை உயர்நீதிமன்றத்தின் படியேறியவர். ஒருவர் மற்றவரிடம் கண்டு வெகுண்டது தம் இளமைக் கால உருவைத்தானோ என்று கூட எண்ணத் தோன்றுகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை ஐயமில்லை. படையதிகாரிகள் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையே பதவி வகிப்பர் என்பது அரசமைப்பின் 310ஆம் பிரிவு கூறும் நெறி. அப்போது குடியரசுத் தலைவராயிருந்தவர் கேரளத்து உழவூரில் பிறந்த கே. ஆர். நாராயணன். அமைச்சரவையின் அறிவுரைப்படி அவர் ஒப்புதல் அளித்தார். அமைச்சுக்குப் படை அடங்கி நடத்தல் வேண்டும். அது சரிந்த அண்டை நாடுகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். எனினும் அதிகாரம் உண்டென்பது ஒன்று. அதனை எவ்வாறு செலுத்துவது என்பது மற்றொன்று. 1959ஆம் ஆண்டில் கோழிக்கோட்டுக்காரரான வி. கே. கிருஷ்ண மேனனோடு பிணங்கித் தரைப்படைத் தலைவர் திம்மய்யா பதவி விலகல் கடிதம் தந்தபோது, நேரு அவரை அழைத்துப் பேசிக் கடிதத்தைத் திரும்பப் பெறச் செய்தார். அது ஒரே கட்சியின் ஆட்சி. அவையில் அசைக்க முடியாத பெரும்பான்மை. பொறுமை காட்டுவதற்கு நேரம் இருந்தது. வாஜ்பாயின் ஆட்சிக்கு அந்த வசதி இல்லை.

1998 மார்ச் 28ஆம் நாள் அவ்வரசு 274க்கு 261 என்னும் வாக்குகளால் நம்பிக்கை பெற்றது. அவற்றுள் அ.இ.அ.தி.மு.க.வின் 18 இடங்களைக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்பதைப் பள்ளி மாணவனும் சொல்வான். பெர்னாண்டஸ் தாமும் பெருங்கட்சியின் தலைவரல்லர். சமதா கட்சி என்னும் சிறு தோழமைக் கட்சியினர். அவரைத் தொட்டால் ஒரு பக்கம் சரியும். தொடாவிட்டால் மறு பக்கம் முணுமுணுக்கும். கூட்டணி ஆட்சியைப் பல்லாண்டுகளாய்க் கண்டு பழகிய கேரளத்தில் வாழும் நமக்கு இக்கணக்கு விளங்காததன்று. 1967ஆம் ஆண்டின் ஏழு கட்சி அமைச்சரவையைக் கண்ட மூத்தோர் நம் தெருக்களில் இன்றும் உள்ளனர். ஆனால் மாநில அமைச்சரவைக்குப் படை கிடையாது; பூசல் முற்றினால் இலாகா மாறும், அவ்வளவே.

பழைய கொச்சி அரசுக்கோ படையும் இருந்தது, அப்படையால் வந்த பூசலும் இருந்தது. மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களைக் காட்டித் தம் மக்களுக்கு இராமாயணம் சொல்லும் பெற்றோர், பாலியத்து அச்சன் கதையையும் சொல்லலாம். முதலமைச்சர் பதவியும் படைத்தலைமையும் ஒரே குடும்பத்தில் வழிவழியாக நின்றன. 1808 டிசம்பர் இறுதியில் பாலியத்து கோவிந்தன் அச்சன், திருவிதாங்கூர் வேலுத்தம்பியோடு சேர்ந்து, ஆங்கில ரெசிடெண்டு மெக்காலேயின் கொச்சி இல்லத்தைத் தாக்கினார். மெக்காலே உயிர் தப்பினார். பின்னர் அச்சன் கூட்டாளியைக் கைவிட்டு ஆங்கிலேயரோடு இணங்கியும், சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அவருக்குப் பின் திவான்கள் வந்தனர்; அவர்களுள் நஞ்சப்பய்யா கோயம்புத்தூர்த் தமிழர். ஒரே கையில் அமைச்சும் படையும் இருந்த நிலை அத்தோடு போயிற்று. சரியாக நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பரின் இறுதியில், காயலின் மறு கரையிலிருந்து ஒரு தளபதி தில்லிக்குப் புறப்பட்டது தற்செயலே. ஆயினும் அமைச்சும் படையும் தனித்தனியே நிற்க வேண்டியதன் அருமையை இவ்வூர் முன்பே அறிந்திருந்தது.

தில்லியில் நிகழ்ந்ததற்கு மீள்வோம். நீக்கத்தின் காரணத்தை அரசு அவையில் விரிவாக எடுத்துரைத்து, கேள்விகளுக்கு விடை தந்திருந்தால், செய்தி ஓரிரு வாரங்களில் அடங்கியிருக்கக் கூடும். நாட்டின் பாதுகாப்பு என்று கூறி வாய் மூடியதால் ஐயம் வளர்ந்தது. அந்தமான் கடலில் ஆயுதக் கடத்தலைத் தடுப்பது குறித்துக் கருத்து வேற்றுமை இருந்ததென்றும், படைக்கலக் கொள்முதல் காரணம் என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அமைச்சர் மறுத்தார். இவ்வாறு விடையின்றிக் கிடந்த கேள்வியைத் தம் கையிலெடுத்தார் செல்வி ஜெயலலிதா. பகவத் நீக்கம் பற்றிப் பாராளுமன்றக் கூட்டுக் குழு ஆராய வேண்டும், பெர்னாண்டஸை அத்துறையிலிருந்து மாற்ற வேண்டும் என்று கேட்டார். அவருக்கு அரசோடு வேறு பிணக்குகளும் இருந்தன, தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்ற விருப்பம் அவற்றுள் தலையாயது. ஆகவே கடற்படைக்காகவே கூட்டணி உடைந்தது என்று எழுதினால் அது மிகை. கடற்படை இல்லாமலே உடைந்திருக்கும் என்று எழுதினால் அதுவும் முழு உண்மையாகாது. நேர்மையான ஒரு கேள்வி, பேரத்தின் கையில் அகப்பட்டுக் கொண்டது. அதனால் அதன் நேர்மையை எவரும் பொருட்படுத்தவில்லை.

1999 ஏப்ரலில் அவருடைய கட்சி அமைச்சர்கள் விலகினர். ஆதரவும் திரும்பப் பெறப்பட்டது. ஏப்ரல் 17ஆம் நாள் நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஒரு வாக்கு. அன்று அரசுக்கு ஆதரவாக வாக்களித்தவர்களுள் தி.மு.க.வினரும் இருந்தனர் என்பது தமிழக அரசியலின் விந்தைகளுள் ஒன்று.

அடுத்த மாதமே கார்கிலில் போர் மூண்டது. காபந்து அரசே அதனை நடத்த வேண்டியதாயிற்று. கிழக்குக் கடற்படைக் கலங்களையும் மேற்கே வரவழைத்து அரபிக் கடலில் நிறுத்தி எதிரிக்கு நெருக்கடி தந்தவர், கொச்சியிலிருந்து சென்ற சுசில் குமார். அவர் 2001 டிசம்பர் வரை அப்பதவியில் இருந்தார். 1999 இலையுதிர்காலத் தேர்தலுக்குப் பின் வாஜ்பாய் மீண்டும் பிரதமரானார்; பெர்னாண்டஸ் மீண்டும் பாதுகாப்புத் துறையை ஏற்றார்; இம்முறை தி.மு.க. கூட்டணியின் உள்ளே இருந்தது. அட்மிரல் பகவத் நீக்கம் குறித்துக் கேட்கப்பட்ட கூட்டுக் குழு அமைக்கப்படவேயில்லை.