லூயிஸ் மவுண்டனில் ஒரு ராத்திரி

வாடகைக்கு எடுத்த 25 அடி நீள மோட்டார்ஹோமை ஓட்டிக்கொண்டு வர்ஜீனியாவின் ஸ்கைலைன் டிரைவில் ஏறும்போது என் கவலையெல்லாம் ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான்: 12 அடி 8 அங்குலம். 32வது மைல் கல் அருகே வரும் மேரீஸ் ராக் குகைப்பாதையின் உயரம் அது. வண்டியின் உயரம் எவ்வளவு என்று சாவி கொடுத்தவரிடம் இரண்டு முறை கேட்டேன். "பன்னிரண்டுக்குள்ளதான் இருக்கும்" என்றார். 'இருக்கும்' என்ற சொல்லை நம்பி மலையைக் குடைந்த பாதைக்குள் எப்படி நுழைவது? நான் பொறியாளன். டேப் வைத்து அளந்துவிட்டேன். வீட்டம்மா சிரித்தார், பரவாயில்லை.

பிக் மெடோஸ் முகாமில் இடம் நிரம்பியிருந்தது. இன்னும் ஆறு மைல் தெற்கே போனால் லூயிஸ் மவுண்டன் என்று சின்னதாக ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்கள். போனோம். முப்பதே இடங்கள். மின் இணைப்பு கிடையாது, தண்ணீர் இணைப்பு கிடையாது. ஆனால் நல்ல மர நிழல், அமைதி. அங்கே வண்டியை நிறுத்துவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. குறுகலான ஒருவழி வளையச் சாலை, அதிலிருந்து சாய்வாகப் பிரியும் ஒரு துண்டுத் தடம், இரண்டு பக்கமும் பாறாங்கல். யார் இதை இப்படி வடிவமைத்தார்கள் என்று எரிச்சலோடு கேட்டதுதான் இந்தக் கட்டுரையின் ஆரம்பம்.

வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் அல்ல. மரங்களுக்கு வரும் நோய்களை ஆராய்ந்த இ. பி. மைனெக்கே என்ற தாவர நோயியல் நிபுணர்.

1920களில் அமெரிக்காவில் கார் வாங்கியவர்கள் எல்லாம் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஃபோர்டு, எடிசன், ஃபயர்ஸ்டோன் மூவரும் இயற்கையாளர் ஜான் பரோஸோடு, சமையல் வண்டியும் ஆட்களும் புடைசூழ வருடா வருடம் 'நாடோடி'ப் பயணம் போனது செய்தித்தாள்களில் வந்தது. (சமையல்காரரோடு போகும் நாடோடிகள்!) 1919ல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே உருவானது. காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்கள் அடையாளம். நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு இலவச முகாம் திடல்கள் திறந்தன, வருகிறவர்கள் நம் ஊர்க் கடையில் செலவு செய்வார்கள் என்று. பிறகு வேலை தேடி அலைகிற ஏழைகளும் வந்து தங்க ஆரம்பித்ததும் கட்டணம் வந்தது. திடலுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது.

இவர்கள் தேசியப் பூங்காக்களில் போய் எந்த மரத்தடி நன்றாக இருக்கிறதோ அங்கே காரை நிறுத்தினார்கள். சக்கரம் ஏறி ஏறி மண் இறுகியது. இறுகிய மண்ணில் காற்றும் நீரும் இறங்காது, வேர் மூச்சுத் திணறும், மரம் சில வருடங்களில் பட்டுப்போகும். நிழல் போனதும் ஜனங்கள் அடுத்த மரத்தடிக்கு நகர்வார்கள். கலிஃபோர்னியாவின் செக்வோயா, ரெட்வுட் காடுகளில் மைனெக்கே கண்டது இதைத்தான். 1932ல் அவர் ஒரு சிறு கையேடு எழுதினார். அதன் சாரம் எளிமையானது: மனிதனைத் திட்டாதே, காரைக் கட்டு. ஒருவழிச் சாலை போடு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறுத்துமிடம் ஒதுக்கு, மேசையையும் அடுப்பையும் நகர்த்த முடியாதபடி பதித்துவிடு, கார் தாண்டாதபடி பாறையோ மரக்கட்டையோ போடு. அறிவிப்புப் பலகை வைத்துக் கெஞ்சுவதைவிட ஒரு பாறாங்கல் நன்றாக வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருடமே ரூஸ்வெல்ட்டின் இளைஞர் படையான சி.சி.சி. வந்தது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த இளைஞர்கள் நாடெங்கும் இந்த மாதிரித் திடல்களை அமைத்தார்கள். வின்னபாகோ நிறுவனம் மோட்டார்ஹோம் தயாரிக்க ஆரம்பித்ததோ 1966ல். ஆக, 1930களின் காருக்குப் போட்ட வளைவில் நான் இப்போது ஒரு வீட்டையே திருப்பிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் இதை லெகசி கோட் என்போம். குறை சொல்லலாம், ஆனால் எழுதியவனுக்குக் காரணம் இருந்திருக்கும்.

இதோடு முடித்திருப்பேன். ராத்திரி போனில் பூங்காவின் பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மரத்தில் செய்த அழகான பெயர்ப்பலகை. முதலில் லூயிஸ் மவுண்டன், அடுத்து 'நீக்ரோ ஏரியா', அதன் கீழே காபிக் கடை, குடில்கள், முகாம் திடல், பிக்னிக் திடல்.

நாங்கள் படுத்திருந்த இடம்தான் அது.

ஷெனண்டோவா பூங்கா 1935 டிசம்பரில் அமைந்தது. அதற்காக மலையில் வாழ்ந்த சுமார் 500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். பூங்கா மத்திய அரசுடையது. ஆனால் 'அந்தந்த ஊர் வழக்கத்தை அனுசரிப்பது' என்று தேசியப் பூங்காத் துறை முடிவெடுத்தது. வர்ஜீனியாவின் வழக்கம் இனப்பிரிவினை. எனவே கறுப்பினத்தவருக்குத் தனி இடமாக லூயிஸ் மவுண்டன் 1939ல் திறந்தது. உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கஸின் ஆலோசகராக இருந்த கறுப்பினத்தவரான வில்லியம் டிரென்ட் இதை விடாமல் எதிர்த்தார். அதன் பலனாக அதே வருடம் பின்னக்கிள்ஸ் என்ற பிக்னிக் திடல் மட்டும் எல்லோருக்கும் பொதுவானது. உலகப் போர் முடிந்த பிறகு, 1945 டிசம்பரில்தான் தேசியப் பூங்காக்களில் பாகுபாடு கூடாது என்று உத்தரவு வந்தது. இங்கே அது முழுதாக நடைமுறைக்கு வர 1950 ஆயிற்று.

பூங்காவுக்கு வந்து சேர்வதே அவர்களுக்குப் பெரும்பாடு. வழியில் எந்த விடுதியில் இடம் தருவார்கள், எந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை திறந்துவிடுவார்கள் என்று தெரியாது. அதற்காகவே ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் 'கிரீன் புக்' என்ற வழிகாட்டியை வெளியிட்டார். அந்தப் புத்தகத்தைக் காரில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பின் சீட்டில் தூங்க வைத்து, இருட்டுக்குள் ஊரைத் தாண்டி வந்து இந்த மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்த்தேன். பிறகு தூக்கம் வரவில்லை.

காலையில் பையனுக்குப் படத்தைக் காட்டினேன். பன்னிரண்டு வயது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, அப்போ வந்திருந்தா நம்மள எங்க விட்டிருப்பாங்க? இங்கயா, பிக் மெடோஸ்லயா?" என்றான்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் தேடினேன். 1923ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை அணிந்தவர், அதுவும் உதவவில்லை. அடுத்த வருடம் வர்ஜீனியா ஓர் இனத்தூய்மைச் சட்டம் போட்டது. பூர்வகுடிகளுக்கு ஒரு சின்ன விலக்கு தவிர, வேறு ரத்தம் துளியும் கலக்காதவரே வெள்ளையர். மீதி எல்லோரும் ஒரே பெட்டிக்குள்.

"இங்கதாண்டா" என்று பையனிடம் சொன்னேன். "நேத்து நாம சாப்பிட்ட மேசை பக்கத்துலதான்."

"அப்ப இடம் இல்லன்னா?"

அன்று எங்களுக்கு பிக் மெடோஸில் இடமில்லாதபோது ஆறு மைல் தள்ளி இன்னொரு திடல் இருந்தது. 1940ல் லூயிஸ் மவுண்டன் நிரம்பியிருந்தால், மலையிறங்கிப் போக வேண்டியதுதான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். லூயிஸ் மவுண்டனில் டம்ப் ஸ்டேஷன் இல்லை. வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய, கிளம்பும் அன்று மறுபடி பிக் மெடோஸுக்குத்தான் போனோம். கையுறை மாட்டிக்கொண்டு குழாயை நான் பிடிக்க, பையன் மூக்கைப் பொத்தியபடி தண்ணீரைத் திறந்துவிட்டான்.