கோக்கரின் கத்தியும் 870 ஆடுகளும்

"எனக்கு தைராய்டு இருக்கு" என்று யாராவது சொன்னால், "அது எல்லாருக்கும்தான் இருக்கு" என்று குறுக்கே பேசும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் கழுத்தில் இருக்கிற அந்தச் சின்னச் சுரப்பி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை மருத்துவம் தெரிந்துகொண்ட விதம் சிரிக்கிற விஷயமில்லை.

சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில் மண்ணில் அயோடின் குறைவு. கழுத்துக் கழலை அங்கே சர்வசாதாரணமாக இருந்தது. அதை அறுத்தெடுக்கப் போய் ரத்தப்போக்கிலும் சீழ்பிடித்தும் செத்தவர்கள் ஏராளம். 1872-ல் பெர்ன் நகரில் பேராசிரியரான தியோடர் கோக்கர் ரொம்ப நிதானமான கைக்காரர். ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, சுத்தபத்தமாக வேலை செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. சுரப்பியால் என்ன பயன் என்று யாருக்கும் தெரியாத காலம் என்பதால், பலருக்கு அதை முழுசாகவே எடுத்துவிட்டார்.

1882-ல் ஜெனீவாவைச் சேர்ந்த ரெவர்டின், முழுசாக எடுத்தவர்கள் பின்னாடி மந்தமாகிப்போவதாக அவரிடம் சொன்னார். கோக்கர் தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்தார். முழுச் சுரப்பியும் போனவர்களில் 18 பேரைப் பரிசோதித்ததில் 16 பேர் சீரழிந்திருந்தார்கள். வீங்கிய முகம், எப்போதும் குளிர், மெதுவான பேச்சு. 1874-ல் 11 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு சிறுமி வளரவே இல்லை. ஒருகாலத்தில் அச்சு அசலாக அவளைப் போலவே இருந்த தங்கை உயர்ந்து நிற்க, அக்கா குள்ளமாக நின்றாள்.

1883-ல் இதை அவரே சக மருத்துவர்கள் முன்னால் வைத்தார். இனி முழுசாக எடுப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. என்னைக் கேட்டால் அதைவிட அந்த 1883 அறிக்கைதான் பெரிசு. வேடிக்கை என்னவென்றால், காரணத்தை அவர் தப்பாகத்தான் ஊகித்தார்: மூச்சுக்குழல் பாதிக்கப்பட்டு காற்று பத்தவில்லையாம்! சுரப்பி இல்லாததுதான் காரணம் என்று லண்டனில் ஃபீலிக்ஸ் செமன் சொன்னபோது பலர் சிரித்தார்கள். 1888-ல் ஒரு மருத்துவக் குழு அவர் சொன்னதே சரி என்றது.

அப்படியென்றால் இல்லாததை வெளியிலிருந்து கொடுக்கலாமே? 1891-ல் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. அடுத்த வருஷமே ஊசிகூடத் தேவையில்லை, வாயால் சாப்பிட்டாலே போதும் என்று தெரிந்தது. ப்ளிமத்தில் ஒரு மருத்துவர் ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்து, பழ ஜெல்லியோடு கொடுத்தார். (நம்ம ஊர் என்றால் மிளகு தூவியிருப்போம்.)

ஆனால் அது உடம்புக்குள் என்னதான் செய்கிறது? 1895-ல் பெர்லினில் மாக்னஸ்-லெவி நோயாளிகளின் மூச்சை அளந்தார். தைராய்டு குறைந்தவர்கள் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் ஆக்சிஜனும் குறைவு. தைராய்டு கொடுத்தால் அது ஏறுகிறது. அதாவது, உடம்பு என்கிற அடுப்பின் தணலை ஏற்றி இறக்குகிற கை இந்தச் சுரப்பிதான். கோக்கரின் நோயாளிகள் ஏன் குளிரில் நடுங்கினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தச் சரக்கைத் தூய படிகமாகக் கெண்டல் பிரித்தெடுத்தது 1914 கிறிஸ்துமஸ் அன்று.

முர்ரேயின் அந்த நோயாளி 1919-ல், 74 வயதில் இறந்தார். 28 வருஷத்தில் அவர் உள்ளே செலுத்திக்கொண்ட சாறு சுமார் 5 லிட்டர். அதற்குத் தேவைப்பட்டவை 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் என்று முர்ரே கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்.