ரொட்டி எப்படி நம்ம சாப்பாடு ஆச்சு?

போனைத் திறந்தா போதும், "வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு 15 நிமிடத்தில் சத்தான சாப்பாடு" என்று ஒரு வீடியோ வந்து நிற்குது. ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்குத் தேவையான மரக்கறியை வெட்டி, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் அடுக்கி வைக்கச் சொல்றாங்க. நல்ல யோசனைதான். ஆனா வேலைக்குப் போற அம்மா என்பவர் ஏதோ நேற்றுத்தான் பிறந்த மாதிரிப் பேசுறது கொஞ்சம் சிரிப்பா இருக்கு. கொழும்பில் பெண்கள் கூட்டம் கூட்டமா அலுவலகத்துக்குப் போகத் தொடங்குவதற்கு ரொம்ப முன்னாடியே, ஹட்டன், நுவரெலியா மலைகளில் பிள்ளையைக் காம்பராவில் விட்டுட்டு விடியக் காலையில் வேலைக்குப் போன அம்மாக்கள் இருந்தாங்க. அவங்களும் தினமும் சாப்பாட்டுக்குத் திட்டம் போட்டுத்தான் வாழ்ந்தாங்க. அந்தத் திட்டத்தின் பெயர் ரொட்டி.

"தோட்டத்து ஆக்களுக்குச் சாப்பாட்டைப் பத்தி அறிவில்ல, எப்பப் பார்த்தாலும் மாவும் தேத்தண்ணியும்தான்" என்று சொல்றவங்களை நீங்களும் கேட்டிருப்பீங்க. நம்ம ஆக்களே சிலபேர் அப்படிச் சொல்றாங்க. வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தா இந்தப் பேச்சு நிற்காது.

முதல் விஷயம், நம்ம ஆக்கள் ரொட்டியோடு இலங்கைக்கு வரலை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவங்க சோறும் கூழும் களியும் சாப்பிட்டவங்க. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கிற பருவத்துக்கு வந்து திரும்பிப் போனவங்கதான் அதிகம், அதிலும் பெரும்பாலும் ஆண்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருசத்துக்குள்ள கோப்பியே முடிஞ்சு போச்சு. தேயிலை அப்படிப் பருவம் பார்க்கிற பயிர் இல்ல. கொழுந்து வருசம் முழுக்க, வாரத்துக்கு ஒரு தடவையோ பத்து நாளைக்கு ஒரு தடவையோ எடுக்கணும். அதனால தோட்டத்துக்குக் குடும்பமே தேவைப்பட்டது, முக்கியமா பெண்கள். லயங்கள் நிரந்தரமானது இப்படித்தான். சமைக்கிற ஆளே முழுநாள் கூலியாகவும் ஆனார்.

அப்போது தோட்டம் கொடுத்தது அரிசி. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி, ரயிலில் மலைக்கு ஏறி வந்தது. ஹட்டனுக்கு 1884இல் ரயில் வந்தது, நானுஓயாவுக்கு 1885இல். அந்த ரயில் தேயிலையை இறக்கவும் அரிசியை ஏற்றவும் ஓடியது என்றே சொல்லலாம். அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடிக்கும். கூலிக்காரரின் கடனை ஒரு கடதாசியில் எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது, ஆனா அரிசிக்குப் பிடிப்பு நிற்கலை. 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தப்போ மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். உலையில் அரிசி போடுற கைக்குத்தான் 11 சதம் குறைவு.

இரண்டாம் உலக யுத்தம் இதை மாத்திப் போட்டது. 1942 மார்ச் மாதம் ஜப்பான் படை ரங்கூனைப் பிடிச்சதும் பர்மா அரிசி நின்னு போச்சு. இலங்கை அரிசிக்குப் பெரிய அளவில் வெளியை நம்பியிருந்த நாடு. அந்த வருசமே கூப்பன் வந்தது. அரிசியைக் குறைத்து, குறைஞ்ச இடத்தை நிரப்பக் கோதுமை மா கொடுத்தாங்க. கிராமத்து ஆளுக்கு வயல் இல்லாட்டியும் ஒரு பலாமரமாவது, கொஞ்சம் மரவள்ளியாவது இருந்தது. லயத்து ஆளுக்குக் கூப்பன் மட்டும்தான். புது மாவை என்ன செய்றதுன்னு தெரியாம ஆரம்பத்தில் கூழாகக் காய்ச்சினதா என் அம்மாயி தன் அம்மா சொல்லக் கேட்டதைச் சொல்லுவாங்க.

யுத்தம் முடிஞ்சது, மா மட்டும் போகலை. ஏன்? இங்கதான் சமையல் வீடியோக்காரங்க சொல்ற "நேரம்" என்ற விஷயம் வருது. ஒரு கொழுந்து எடுக்கிற அம்மாவின் நாளைப் பாருங்க. விடிய நாலு, நாலரைக்கு எழும்பணும். பீலியில் தண்ணி பிடிக்கணும். அடுப்புக்குக் கவ்வாத்து மிலாறு, அதுவும் மழைக்காலத்தில் நனைஞ்ச மிலாறு. பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்குப் போய்ச் சேரணும். பிந்திப் போனா அன்றைக்குப் பேர் இல்ல. இதுக்கு நடுவுல காலைச் சாப்பாடும், மலைக்குக் கட்டிக்கொண்டு போற சாப்பாடும் ஒண்ணா முடியணும்.

சோறு ஆக்கினா கல் பொறுக்கி, அரிசி கழுவி, உலை வைத்து, அதோட ஒரு கறியாவது வேணும். இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணி 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதிச்சிடும். அதனால பருப்பு அவிய, கீழ்நாட்டை விடக் கூட நேரம், கூட விறகு. கொண்டுபோன சோறும் குளிரில் பகலுக்குள்ள விறைச்சுப் போகும். ரொட்டிக்கு மா, கொஞ்சம் தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணி போதும். ஒரு கல், ஒரு நெருப்பு. கொச்சிக்காயும் வெங்காயமும் இடிச்ச கட்டச் சம்பல் சேர்ந்தா கறி தேவையில்ல. துணியில் சுத்திக் கூடைக்குள்ள போட்டா பகல் வரைக்கும் இருக்கும். நின்ன இடத்தில் கையாலேயே சாப்பிடலாம். தடிப்பா சுட்டா பசி தாங்கும். வீடியோவில் சொல்ற "விரைவான உணவு" என்பதுக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் எனக்குத் தெரியலை. "சத்தான" என்ற பாதிதான் விடுபட்டுப் போச்சு. தீட்டின மாவில் இரும்புச்சத்து குறைவு, கூடவே குடிக்கிற சாயத்தண்ணி உணவில் இருக்கிற இரும்பையும் உடம்பு எடுக்க விடாது.

நம்ம மலையில் மட்டும் நடந்ததில்ல இது. சிட்னி மின்ட்ஸ் என்ற மானிடவியலாளர் 1985இல் சீனியின் வரலாற்றை எழுதினப்போ இங்கிலாந்தைப் பத்தி இதே கதையைச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் பெண்கள் ஆலைக்கு வேலைக்குப் போனதும், நேரமெடுத்துக் காய்ச்சின கஞ்சியும் சூப்பும் அங்கே குறைஞ்சு போய், பாணும் ஜாமும் சீனி போட்ட சூடான தேத்தண்ணியும் வந்தது. விறகும் நேரமும் மிச்சம். அந்த மான்செஸ்டர் அம்மாவுக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்த தேயிலையை, பின்னாளில் எடுத்துக் கொடுத்தது சமைக்க நேரமில்லாத இன்னொரு அம்மா.

1953இல் அரசாங்கம் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினப்போ நாடு ஹர்த்தாலில் எரிஞ்சு, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி விலைக்கு அரசாங்கம் பயப்படுறது அதோட தொடங்கினது. ஆனா 1948 சட்டத்தால் குடியுரிமை போய், அதோட வாக்கும் போன சனத்தின் வயித்துக்கு யார் பயப்படணும்?

அந்தக் கேள்விக்குப் பதில் 1973, 74இல் வந்தது. உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, எண்ணெய் எல்லாம் விலை ஏறினது. அரசாங்கம் கூப்பன் அரிசியைக் குறைத்தது. மாவும் தட்டுப்பாடு, பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்ததால், நெல் விளையிற பக்கத்திலிருந்து ஒரு பை அரிசி வாங்கி வரவும் பயம். அதே காலத்தில் தோட்டங்களில் வேலைநாட்களையும் வெட்டினாங்க. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கை மாறின குழப்பம் வேற. லயங்களில் பசியால் ஆட்கள் செத்தாங்க. இது கதையில்ல, அந்த வருசங்களில் தோட்டங்களில் மரண வீதம் ஏறினது பதிவில் இருக்கு. காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்ன குடும்பங்கள், வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காணி வெட்டின குடும்பங்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. அவங்களிடம் போய்ச் சமச்சீர் உணவு பற்றிப் பாடம் எடுக்க முடியுமா?

1980இல் திருகோணமலையில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கினது. அதுக்கப்புறம் மா தட்டுப்பாடில்லாமக் கிடைச்சது. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வந்தது. பெரிய வெற்றி, சந்தேகமில்ல. ஆனா சம கூலி சம நேரத்தைக் கொண்டு வரலை. இந்த நேர வித்தியாசத்தை 1982இல் வெளியான தன் ஆய்விலேயே ரேச்சல் குரியன் காட்டியிருந்தார். ஆண்களின் கவ்வாத்து மாதிரி வேலைகள் மதியத்தோட முடியும், பெண்கள் பின்னேர நிறுவை வரைக்கும் மலையில் நிற்பாங்க. வந்ததும் விறகு, தண்ணி, அடுப்பு, பிள்ளைகள். முன்னுக்கு வந்த ஆம்பள இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு விஷயத்தில் துரையையோ அரசாங்கத்தையோ மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது என்பது என் கருத்து.

பிள்ளைகளுக்காக வந்ததும் உண்டு. பிள்ளைக் காம்பரா, 1973இல் கெயார் நிறுவனத்தின் உதவியோட தொடங்கின திரிபோஷா. சோளமும் சோயாவும் கலந்த அந்த மாவை உருண்டையாப் பிடிச்சுச் சாப்பிட்டு வளர்ந்தவங்க நம்மில் நிறையப் பேர். தாய்க்குக் கொடுத்த பொதியைக் குடும்பமே பங்கு போட்டுத் தின்னதும் உண்மை. அது சத்து மாவு என்பதை விட அவசரத்துக்குப் பசி தீர்க்கிற மாவு என்பதுதான் லயத்தில் அதுக்கு இருந்த மதிப்பு. 2016 சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டத்துறையில் 31 சதவீதத்துக்கு மேல். கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி எல்லாம் லொறி லொறியாக் கொழும்புக்கு இறங்கிப் போற மாவட்டங்களில்தான் இந்தக் கணக்கு. மரக்கறி பக்கத்தில் விளையுது. அதை வாங்கக் காசும், வெட்டிச் சமைக்கப் பின்னேரமும் லயத்தில் இல்ல.

2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா ஆனது. அடுத்த வருசமே நாடு வங்குரோத்தாகி, கோதுமை மா விலை பல மடங்காச்சு. அரிசியை விட மா மலிவு என்ற பழைய கணக்கே குழம்பிப் போச்சு. காலையில் ஒரு ரொட்டியை ரெண்டாக்கின வீடுகள் இருந்தன. லயத்துக்குப் பின்னால் ரெண்டு பாத்தி கீரையும் போஞ்சியும் போட்டவங்களும் இருந்தாங்க, அதைத் தண்ணி ஊத்தி வளர்த்ததும் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கி வந்த அம்மாக்கள்தான்.

இப்ப எங்க லயத்தில் பல வீடுகளில் ரைஸ் குக்கர் இருக்கு. கொழும்பில் கடையிலோ காமன்ட்டிலோ வேலை செய்ற பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. சுவிட்சைப் போட்டுட்டுத் தண்ணி பிடிக்கப் போகலாம், நனைஞ்ச மிலாறோட மல்லுக்கட்டத் தேவையில்ல. இரவில் சோறும் ஒரு கறியும் முன்னைவிட அதிகமா நடக்குது. மலைக்குக் கொண்டு போறது மட்டும் இன்னும் ரொட்டிதான், ஏன்னா பகல் சாப்பாட்டுக்கு உட்கார இடம் இன்னும் தேயிலைச் செடிக்கு நடுவுலதான்.