அகப்பை கைமாறும்போது

எங்கள் கல்லூரிச் சந்தியில் ஒரு சைவச் சாப்பாட்டுக்கடை உண்டு. பதினைந்து இருபது பேர் அமர்ந்து உண்ணக்கூடிய சிறிய கடை. நெடுங்காலம் அங்கே அடுப்படியில் நின்ற முதியவர் சென்ற ஆண்டு உடல் தளர்ந்து வீட்டோடு இருந்துவிட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவன் ஓர் இளைஞன். என்னிடம் க.பொ.த. சாதாரண தரம் வரை தமிழ் படித்தவன். முதல் வாரத்திலேயே வாடிக்கையாளர் முகஞ் சுளித்தனர். "சாம்பாரிலை பழைய கை இல்லை" என்றார் ஒருவர். "இனிக் கடையின்ரை பேரையும் மாத்த வேண்டியதுதான்" என்றார் இன்னொருவர். நானும் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவன்தான். நான் கை கழுவித் திரும்பியபோது அந்தப் பிள்ளை குசினி வாசலில் நின்று என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேயர்களே, சமையல் செய்யும் கை மாறினால் கடையும் மாறிவிடுமா என்ற கேள்வி அன்று என்னுள் எழுந்தது. இது புதிய கேள்வியன்று. நளன் கதையை நாம் அறிவோம். கார்க்கோடகன் தீண்டி உருமாறிய நளன், வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாகவும் மடைத்தொழில் வல்லவனாகவும் இருந்தான். தமயந்தி அவன் சமைத்த உணவைத் தருவித்துச் சுவைத்துப் பார்த்தே இவன் நளன் என்று தெளிந்தாள். உருவம் மறைந்தது, குரல் மாறியது, கைப்பக்குவம் மட்டும் மறையவில்லை. அப்படியாயின் ஒருவரின் பக்குவம் அவரோடு போய்விடுவதுதானே இயல்பு? பின் எவ்வாறு சில கடைகள் தலைமுறை கடந்து நிற்கின்றன?

இதற்கு விடை தேடும்போது, பல கைகள் மாறியும் ஒரே பெயரோடு ஒரே வீதியில் நின்ற கடையொன்றின் வரலாறு நமக்குத் துணைசெய்கிறது. அது பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ளது. அந்நாட்டார் சமையலறையையும் சமையற்கலையையும் "குயிசீன்" என்ற ஒரே சொல்லாற் குறிப்பர். நாம் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றுக்கொண்ட "குசினி" என்ற சொல்லும் அதே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்ததே. எனவே நாம் போவது முற்றிலும் அயல் வீட்டுக்கன்று.

ரோன், சோன் என்னும் இரு நதிகள் கூடும் நகரம் லியோன். பட்டு நெசவாளர் நிறைந்திருந்த நகரம் அது. அங்கே செல்வர் வீடுகளிற் சமைத்துப் பழகிய பெண்கள் சிலர், காலப்போக்கில் அவ்வீடுகளை விட்டு வெளியேறித் தாமே சிறு உணவுச்சாலைகளைத் திறந்தனர். ஊரார் அவர்களை "மேர்" என்று அழைத்தனர். தாய் என்பது அதன் பொருள். பாரிஸ் நகரின் பெரிய உணவுச்சாலைகள் பிரபுக்களின் சமையற்காரரான ஆடவரால் வளர்ந்தவை; லியோனின் புகழோ இந்தத் தாய்மாரால் வளர்ந்தது.

அவர்களுள் ஒருவர் பிரான்சுவாஸ் ஃபில்லியூ. 1865 இல் பிறந்து 1925 இல் மறைந்தவர். இவருடைய கடையில் உணவுப் பட்டியல் ஆண்டுக்கணக்காக ஏறக்குறைய மாறாமலே இருந்தது. சில பதார்த்தங்களே, ஆனால் அவற்றைப் பிழையின்றிச் செய்வது என்பதே அவர் கொள்கை. அவற்றுள் பேர்பெற்றது ஒரு கோழிச் சமையல். என் போன்ற சைவ உணவினர்க்கு அது ஏற்றதன்றாயினும் அதன் பெயர் இலக்கிய மாணவர் அறியத்தக்கது. "திரஃபிள்" எனப்படும் கறுத்த நிலத்தடிக் காளானை மெல்லிய வட்டங்களாகச் சீவி, கோழியின் தோலுக்குக் கீழே செருகி அவிப்பர். வெள்ளைத் தோலூடே கறுப்பு வட்டங்கள் தெரியும். அதற்கு "அரைத் துக்கம்" என்று பெயர். ஐரோப்பாவிலே இறந்தோர்க்காகக் கறுப்பு உடுப்பவர், நாட்செல்லக் கறுப்போடு வெள்ளையும் கலந்து உடுக்கும் காலமே அரைத் துக்கம். துக்கத்தின் நிறம் நம்மிடத்து வெள்ளை, அவரிடத்துக் கறுப்பு. சமையற்காரியின் கற்பனை அந்த உடையைக் கோழிக்கு உடுத்தியது.

ஃபில்லியூ அம்மையின் சமையலறைக்கு வேலைக்கு வந்த பெண்களுள் ஒருவர் யூஜெனி பிராசியே. 1895 இல் ஒரு கிராமத்திற் பிறந்தவர். பத்து வயதிலே தாயை இழந்தார். பண்ணைகளில் வேலைக்கு விடப்பட்டார். பள்ளிக்கூடம் ஒழுங்காகக் கண்டவரல்லர். 1914 இல் மணமாகாமலே ஒரு மகனுக்குத் தாயானார். தந்தை வீட்டிலிருந்து விரட்டினார். குழந்தையோடு வாழ வழிதேடி லியோன் வந்து, செல்வர் வீடொன்றிற் பணிப்பெண்ணாகி, அங்கே அகப்பை பிடித்தவர் இவர். பின்னர் ஃபில்லியூ அம்மையிடம் வேலை செய்து, அந்த அரைத் துக்கக் கோழியையும் பிற பதார்த்தங்களையும் கற்றுக்கொண்டார். எழுதி வைத்துக் கற்ற கல்வியன்று அது. கண்ணாற் பார்த்து, கையாற் செய்து, ஏச்சுக் கேட்டுக் கற்ற கல்வி.

1921 ஆம் ஆண்டு பிராசியே அம்மை ருவாயால் வீதியில் 12 ஆம் இலக்கத்திலிருந்த பலசரக்குக் கடையொன்றை வாங்கி, சிறியதோர் உணவுச்சாலையாக்கினார். "லா மேர் பிராசியே" என்பது அதன் பெயர். ஃபில்லியூ அம்மையின் பதார்த்தங்கள் இப்போது வேறொரு கூரையின் கீழ், வேறொரு கையால் ஆயின. பழைய கடையை அறிந்தவர்கள் முதல்நாளே ஒப்பிட்டுப் பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் உலகமே பழைய கை என்று போற்றிய கை, அன்று ஒரு புதிய கை. இதனை நாம் மறந்துவிடுகிறோம்.

கடை வளர்ந்தது. லியோனின் மேயராகவும் மூன்று முறை பிரான்சின் பிரதமராகவும் இருந்த எதுவார் எரியோ அங்கே வாடிக்கையாளர். 1920களின் இறுதியில், உழைத்துக் களைத்த பிராசியே அம்மை நகருக்கு வெளியே கோல் த லா லுவேர் என்ற மலைப்பக்கத்துக்குச் சென்றார். அங்கே மரத்தாலான எளிய வீடொன்றில் இரண்டாவது கடை உருவாயிற்று. 1933 இல் மிஷலேன் வழிகாட்டி நூல் இரண்டு கடைகளுக்கும் தனித்தனி மூன்று நட்சத்திரம் வழங்கியது. ஒருவர் ஆறு நட்சத்திரங்களை ஒருங்கே பெற்றது அதுவே முதன்முறை. பண்ணையில் வேலை செய்து வளர்ந்த பெண்ணுக்கு அது கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் அம்மலைக் கடைக்கு வேலை பழக வந்த இளைஞருள் ஒருவர் போல் பொக்கூஸ். பிற்காலத்தில் பிரெஞ்சுச் சமையலின் முகமாகவே விளங்கி, 2018 இல் மறைந்தவர் அவர். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தது அகப்பை அன்று. தோட்டம் கொத்துதல், பசுவிற் பால் கறத்தல், துணி துவைத்தல் ஆகியனவும் அவர் வேலைகளாயின. பொருள் எங்கிருந்து வருகிறது என்று அறியாதவன் அதனைச் சமைக்க முடியாது என்பதைச் சொல்லாமலே அந்த வேலைகள் சொல்லிக் கொடுத்தன.

நகரத்துக் கடை மகன் கஸ்தோன் கைக்கு மாறியது. அவருக்குப் பின் பேர்த்தி ஜக்கோத் அதனை நடத்தினார். 1977 இல் பிராசியே அம்மை காலமானார். அவருடைய சமையற் குறிப்புகள் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். 2004 இல் கடை குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. நூல் இருந்தது, பெயர் இருந்தது, அடுப்பும் இருந்தது. ஆனால் தாயிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து மகளுக்கும் வந்த இழை அறுந்தது. நம்மூர்க் கடைகள் பலவற்றின் கதை இவ்விடத்தில் முடிந்துவிடும்.

இந்தக் கதை முடியவில்லை. 2008 இல் மத்தியூ வியன்னே என்ற சமையற்கலைஞர் அக்கடையை வாங்கினார். அவர் பிராசியே குடும்பத்தவரல்லர். அம்மையிடம் நேரே கற்றவருமல்லர். தன் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக்கியிருக்கலாம். அல்லது பழைய நூலைத் திறந்து வைத்து எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. பெயரைக் காத்தார். சுவரிலிருந்த பழைய ஓடுகளையும் காத்தார். அரைத் துக்கக் கோழியையும், அம்மையின் இன்னொரு பதார்த்தத்தையும் பட்டியலில் நிறுத்தித் தன் கைப்படிச் செய்தார். மற்றவற்றைத் தன் மனம்போலப் புதிதாக ஆக்கினார். 2009 இல் அக்கடைக்கு இரண்டு நட்சத்திரம் கிடைத்தது.

தமிழ் படிப்பிக்கும் எனக்கு இதனைப் பார்க்கும்போது உரையாசிரியர்களே நினைவுக்கு வருகின்றனர். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. அவர்களுள் காலத்தாற் பிந்தியவர் பரிமேலழகர். முன்னையோர் உரை இருக்க இவர் ஏன் எழுதவேண்டும் என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால்? மூலம் ஒன்று, கை வேறு. மூலத்தை மறந்த உரை நிற்காது. முன்னையார் உரையை மட்டும் படியெடுத்தது உரையாகாது. சமையற்கட்டிலும் இதுவே நியதி. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பர் நம் பெரியோர். சட்டியில் இருப்பது கடையின் மரபு. அதை அள்ளும் அகப்பை கைமாறிக்கொண்டேதான் இருக்கும். சட்டி வெறுமையாகாமல் பார்ப்பது புதியவர் கடமை; அவர் கை பழகும்வரை பொறுத்திருப்பது உண்பவர் கடமை. நானோ ஒரு வாரங்கூடப் பொறுக்கவில்லை. வகுப்பிலே ஒரு செய்யுளை அவனுக்கு விளங்கவைக்க மூன்று நாள் எடுத்தவன், ஒரு சாம்பாருக்கு மூன்று நாள் கொடுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்தச் சந்திக் கடைக்கு மீண்டும் போனேன். கூட்டம் குறைந்திருந்தது. அவனே வந்து கோப்பையை வைத்தான்.

"வடை கொஞ்சம் திருந்தியிருக்கு" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலை ஐயாவின்ரை வீட்டை போறனான், சேர். உளுந்து அரைபடுற சத்தத்தைக் கேட்டே அவர் பதம் சொல்லுவார். எனக்கு இன்னும் அந்தக் காது வரேல்லை" என்றான்.

எந்தச் சமையல் நூலிலும் எழுதப்படாத பாடம் அது. ஃபில்லியூ அம்மையின் சமையலறையில் அந்த ஏழைப் பெண் கற்றதும் இத்தகைய பாடத்தைத்தான். அன்று தோசையை முழுவதும் உண்டேன். சாம்பார் பழைய சாம்பார் அன்று. கொஞ்சம் புளி தூக்கல். ஆனாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். மறுநாள் ஆசிரியர் அறையில், அக்கடையைக் கைவிட்டிருந்த நண்பர்கள் இருவரையும் என்னோடு வரும்படி கூப்பிட்டேன்.