சிலுவையும் சில்லறையும்

செங்கடல் இரண்டாகப் பிளந்து வழிவிடும் அற்புதத்தைத் திரையிலே காட்ட வேண்டுமென்று ஹாலிவுட் பட அதிபர் செசில் பி. டிமில் எண்ணினார். எண்ணினார், பணத்தைக் கொட்டினார், கடல் பிளந்தது! 1956-ல் வெளிவந்த "பத்துக் கட்டளைகள்" என்னும் அந்தப் படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் டாலர். மூன்றாண்டு கழித்து வந்த "பென்ஹர்" அதையும் விஞ்சிற்று. தேர்கள் பறந்தன, புழுதி கிளம்பிற்று, 11 ஆஸ்கர் பரிசுகள் குவிந்தன. அந்தக் கோடிகளின் கதையை உலகம் அறியும். அதே ஆண்டுகளிலே, அதே பைபிளைக் கையிலேந்தி, கடலைப் பிளக்கக் காசில்லாத காரணத்தால் குட்டையிலே மீன் பிடிக்க முனைந்த சிறு முதலாளிகளும் இருந்தனர். அவர்கள் எடுத்த படங்களைப் பற்றிப் பேசுவோர் இன்று மிகச் சிலர். பேசத்தான் வேண்டும் என்பேன். ஏனெனில் மேற்பூச்சுக்குப் பணமில்லாத இடத்திலேதான் சுவரின் உண்மை நிறம் தெரிகிறது.

பைபிளை ஏன் நாடினர் என்று கேட்பீர்கள். பக்தியா? சிலருக்கு அதுவும் உண்டு. வணிகக் கணக்கோ எல்லோருக்கும் உண்டு. கதாசிரியருக்குக் கூலி தர வேண்டியதில்லை. கதை எல்லோர்க்கும் தெரிந்தது. பல நூற்றாண்டுகளாக ஞாயிறு தவறாமல் பாதிரிமார் அதற்கு இலவச விளம்பரம் செய்து வைத்திருக்கின்றனர். ஓர் அங்கி, ஒரு தாடி, ஒரு கோல் — தீர்க்கதரிசி தயார்! அமெரிக்கத் திரையரங்குகளின் கூட்டம் உச்சத்தைத் தொட்டது 1946-ல். அதன் பின் சரிவு தொடங்கி, தொலைக்காட்சிப் பெட்டி வீடுதோறும் நுழைய நுழைய, மேலும் இறங்கிற்று. மக்களை வீட்டைவிட்டு வெளியே இழுக்க ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது. அந்த ஒன்று, தணிக்கையாளர் கைவைக்கத் தயங்குவதாகவும் இருந்தால் இரட்டை இலாபமன்றோ!

தணிக்கை என்றதும் ஒரு வேடிக்கையான செய்தி நினைவுக்கு வருகிறது. பிரிட்டனிலே திரைப்படத் தணிக்கைக் குழு 1913-ல் வேலையைத் தொடங்கியபோது அதனிடம் இருந்த விதிகள் இரண்டே இரண்டு. ஒன்று, நிர்வாணத்தைக் காட்டலாகாது. மற்றொன்று, கிறிஸ்துவின் உருவத்தைக் காட்டலாகாது. விலக்கப்பட்ட அந்த இரண்டையும் அருகருகே நிறுத்தி, ஒன்றின் பெயரால் மற்றொன்றை அரையும் குறையுமாக விற்பதே இந்த வணிகத்தின் சூட்சுமமாயிற்று. அமெரிக்காவில் 1930-ல் இயற்றி, 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்திய ஒழுக்க விதிகளின்படி, பாவம் தண்டிக்கப்பட வேண்டும். ஆகட்டும்! ஒரு மணி நேரம் பாவம். கடைசிப் பத்து நிமிடம் தண்டனை. விதியும் நிறைவேறும், வசூலும் நிறைவேறும்.

இந்தக் கணக்கை நன்கறிந்தவர் குரோகர் பாப். ஒகையோ மாநிலத்துக்காரர். 1945-ல் "அம்மாவும் அப்பாவும்" என்றொரு படத்தை ஊர் ஊராகக் கொண்டு போனார். ஆண்களுக்கு ஒரு காட்சி, பெண்களுக்குத் தனிக் காட்சி; இடையிலே மேடையேறி "எலியட் ஃபோர்ப்ஸ்" என்னும் நிபுணர் உடற்கூறு பற்றி உபதேசம் செய்வார்; முடிந்ததும் புத்தக விற்பனை. ஒரே நாளில் பல ஊர்களிலே தோன்றக்கூடிய அதிசய மனிதர் அந்த ஃபோர்ப்ஸ்! ஏனெனில் அந்தப் பெயரிலே பல நடிகர்களை அனுப்பி வைத்திருந்தார் பாப். அப்பேர்ப்பட்டவரின் கண்ணில் பட்டது, ஒக்லகோமா மாநிலத்து லாட்டன் நகர மக்கள் நடத்தி வந்த ஈஸ்டர் நாடகம்.

அந்த நாடகத்தின் பிறப்பு வேறு வகை. 1926 முதல் ஆண்டுதோறும் அருகிலிருந்த விச்சிட்டா மலைச் சரிவிலே, நள்ளிரவு கடந்து விடியும் வரை, ஏசுவின் பாடுகளை ஊராரே நடித்தனர். பணத்துக்கு நடிப்பவர் எவருமில்லை. 1930-களின் நெருக்கடிக் காலத்தில் அரசு உதவி கிடைக்க, கல்லாலேயே ஒரு சிறிய எருசலேமைக் கட்டிவிட்டனர். இந்த உழைப்பெல்லாம் பாப்புக்குச் செலவின்றிக் கிடைத்த அரங்கம். மலிவான "சினிகலர்" முறையிலே படமாக்கினார். ஊரார் நாடகத்தோடு ஒரு சிறுமியின் கதையையும் ஒட்டினார். 1949-ல் "லாட்டன் கதை" வெளிவந்தது. பிறகு அதற்கே "சமாதானப் பிரபு" என்று பெயர் மாற்றினார். ஊராரின் ஒக்லகோமாப் பேச்சு மற்றவர்க்குப் புரியாது என்று வேறு குரல்களைப் பூட்டினர் என்றும், ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே மொழிமாற்றம் செய்யப்பட்ட படம் இது ஒன்றுதான் என்றும் திரையுலகிலே நகைப்பதுண்டு. நகைக்கலாம். ஆனால் பல ஆண்டுகள் பனியிலும் இருளிலும் நின்று, தம் சொந்த நாவினால் அந்தக் கதையைச் சொல்லி வந்த மக்கள், திரையிலே வாயசைத்து நிற்க, எவரோ பேசுகின்றனர் என்பது எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. இடைவேளையிலே பைபிளும் பக்தி நூல்களும் விற்பனை! சரக்கு மாறிற்று, கடை மாறவில்லை.

எல்லோரும் பாப் அல்லர். ஜேம்ஸ் ஃபிரீட்ரிக் என்னும் பாதிரியார், தமக்கு வந்த குடும்பச் சொத்தைப் போட்டு 1939-ல் "பெருங்கட்டளை" என்ற படத்தை எடுத்தார். பெரிய கம்பெனியொன்று அதை விலைக்கு வாங்கியது; வாங்கி, உடனே வெளியிடாமல் வைத்துக்கொண்டது. மனம் தளராத அவர், மாதாகோவில் கூடங்களிலே காட்டத்தக்க சிறு படங்களைத் தொடர்ந்து எடுத்தார். 1954-ல் அவர் தயாரிப்பில் வந்தது "வெற்றித் திருநாள்". ரோமானியரை எதிர்த்துக் கலகம் செய்யத் துடிக்கும் ஒரு கூட்டம், தன் தலைவனாக ஏசுவைப் பெற நினைக்கிறது; யூதாஸ் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்; எண்ணம் ஈடேறாதபோது காட்டிக் கொடுக்கிறான் — இதுதான் கதையின் போக்கு.

இந்தப் படத்திலே, திரையில் வந்த கதையைவிடத் திரைக்குப் பின்னிருந்த கதை கூர்மையானது. இயக்கியவர்களில் ஒருவர் இர்விங் பிஷல். 1947-ல், பொதுவுடைமைவாதிகளைத் தேடிய அமெரிக்கக் காங்கிரஸ் குழு, ஒத்துழைக்க மறுப்போர் என்று குறித்து அழைப்பாணை அனுப்பிய 19 ஹாலிவுட்காரர்களில் அவரும் ஒருவர். சாட்சிக் கூண்டில் ஏற்றப்படவில்லையெனினும் களங்கம் ஒட்டிக்கொண்டது. கலகக்காரர் தலைவனாக நடித்தவர் லீ ஜே. காப். அவரோ 1953-ல் அதே குழுவின் முன் நின்று, நெருக்குதல் தாங்காமல், பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். ஐயத்துக்கு ஆளானவர் இயக்க, பெயர் சொன்னவர் நடிக்க, எடுக்கப்பட்டது காட்டிக்கொடுத்தலின் கதை! காப் ஏற்றது யூதாஸ் வேடமன்று, அது வேறொருவருக்கு. படம் வெளிவருமுன்பே பிஷல் மறைந்தார்.

1953-ல் வந்த "யெசபேலின் பாவங்கள்" அடுத்த வகைக்கு எடுத்துக்காட்டு. திரையரங்கு உரிமையாளராயிருந்து, கொட்டகைகளை நிரப்பச் சிக்கனப் படங்களை எடுக்கத் தொடங்கிய ராபர்ட் லிப்பர்ட்டின் சரக்கு. சாப்ளினோடு "மாடர்ன் டைம்ஸ்" படத்திலே தெருவோரப் பெண்ணாக உலவி உள்ளங்களைக் கொள்ளைகொண்ட பாலெட் கொடார்டு, நாற்பதைக் கடந்த வயதிலே இந்த ராணி வேடம் பூண்டார். எலியா தீர்க்கதரிசியாக வரும் ஜான் ஹாய்ட்டே கதை சொல்லும் பெரியவராகவும் வருகிறார். தேரோட்டியாக ஒரு கோமாளி நடிகர். சிக்கனம் என்றால் இப்படி!

பைபிளிலே யெசபேலின் பெரும்பாவம் எது? அரண்மனைக்கு அருகே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவன் நாபோத். மூதாதையர் நிலம், தரமாட்டேன் என்றான். ஆகாப் மன்னன் முகம் வாடிப் படுத்தான். ராணியோ பொய்ச்சாட்சிகளை ஏவி, தெய்வ நிந்தனை செய்தான் என்று குற்றம் சாட்டவைத்து, நாபோத்தைக் கல்லால் அடித்துக் கொல்வித்து, நிலத்தை மன்னனுக்கு ஆக்கினாள். எலியா சீறிப் பேசியது அந்த நிலத்துக்காகத்தான். நாபோத் என்றொரு பாத்திரம் படத்திலும் உண்டு. ஆனால் கொட்டகை வாசலிலே விலை கூறப்பட்டது ஏழையின் தோட்டமன்று, ராணியின் கண்வீச்சு. பாவம் என்றால் படுக்கையறையிலே மட்டும் நடப்பது என்று மக்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் இந்தப் படங்கள் செய்த தீங்கு.

பின்னர் இந்த வணிகம் இத்தாலிக்குக் குடிபெயர்ந்தது. முசோலினி காலத்தில் 1937-ல் எழுந்த சினெசிட்டா படப்பிடிப்பு நகரம், போருக்குப் பின் வீடிழந்தோரின் முகாமாகவும் இருந்தது. அங்கே "குவோ வாடிஸ்" எடுக்க அமெரிக்கர் வந்தபோது, கூட்டத்தில் நிற்கும் கூலிக்காக வரிசையில் நின்ற ஏழைகளுள் பின்னாளில் சோபியா லோரன் எனப் புகழ்பெற்ற இளம்பெண்ணும் அவள் தாயும் இருந்தனர். 1958-ல் இத்தாலியர் எடுத்த "ஹெர்குலிஸ்" படத்தின் அமெரிக்க உரிமையை ஜோசப் லெவின் வாங்கிய விலை ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர். விளம்பரத்துக்குக் கொட்டியதோ 10 லட்சத்துக்கும் மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! சுமைகூலியே இலாபமாகத் திரும்பியதால் ஒரு வெள்ளமே புறப்பட்டது. ஹெர்குலிஸ் கழற்றிப்போட்ட கவசத்தை அணிந்து தாவீது வந்தான், ஏரோது வந்தான், யோசேப்பும் சகோதரரும் வந்தனர். 1962-ல் வந்த "பொந்தியு பிலாத்து" படத்திலே ஏசுவாகவும் யூதாஸாகவும் நடித்தவர் ஒருவரே. தத்துவம் என்பீர்களா, சிக்கனம் என்பீர்களா, உங்கள் விருப்பம்.

1960-ல் வந்த "தாவீதும் கோலியாத்தும்" படத்திலே சவுல் மன்னனாக நடித்தவர், "சிட்டிசன் கேன்" எடுத்த ஆர்சன் வெல்ஸ். தம் சொந்தப் படங்களுக்குப் பணம் சேர்க்க இத்தகைய கூலிக்கு நடித்து வந்த மேதை அவர். அதே வெல்ஸை 1963-ல் மற்றொரு படத்திலே காண்கிறோம். அங்கே அவர், ஏசுவின் சிலுவைப்பாட்டைப் படமெடுக்கும் ஓர் இயக்குநராக நடிக்கிறார். எழுதி இயக்கியவர் பியர் பாவ்லோ பசோலினி. கவிஞர், நாத்திகர், மார்க்சியர். நான்கு இயக்குநர்கள் பங்குகொண்ட ஒரு படத்தின் பகுதியாக வந்த அந்தச் சிறுபடத்தின் பெயர் "ரிக்கோட்டா" — ஏழைகள் உண்ணும் ஒருவகைப் பாலாடைக்கட்டி.

கதை இது. ஸ்ட்ராச்சி என்று ஒரு துணைநடிகன். அந்தச் சொல்லுக்கே கந்தல் என்று பொருள். ஏசுவோடு அறையப்படும் நல்ல கள்வன் வேடம் அவனுக்கு. தனக்குத் தந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை மனைவி மக்களிடம் கொடுத்துவிடுகிறான். பெண்வேடமிட்டு இன்னொரு பொட்டலம் வாங்குகிறான். அதை நடிகையின் நாய் தின்றுவிடுகிறது. அந்த நாயையே ஒரு நிருபரிடம் 1000 லிராவுக்கு விற்று, ரிக்கோட்டா வாங்கி, ஒளிந்து உண்கிறான். பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே, கடைசி இராவிருந்துக் காட்சிக்கு வைத்திருந்த உணவையும் அவன்முன் எறிகின்றனர். பசித்தவன் அத்தனையும் விழுங்குகிறான். பிறகு சிலுவையில் ஏற்றுகின்றனர். படமுதலாளியும் விருந்தினரும் கூடி நிற்க, "ஆகட்டும்" என்று ஆணை பிறக்க, அவன் பேசவில்லை. செத்துப்போயிருந்தான்.

நான் மேலே சொன்ன படங்கள் அனைத்துக்கும் விமர்சனம் அந்த அரைமணிப் படம். அரசாங்கமோ 1963 மார்ச்சில் அதைப் பறிமுதல் செய்தது. அரசு மதத்தை இழிவுபடுத்தினார் என்று பசோலினிக்கு நான்கு மாதத் தண்டனை. நிறுத்திவைக்கப்பட்டு, மறு ஆண்டு மேல்முறையீட்டில் நீங்கிற்று. எந்தச் சட்டம்? முசோலினி ஆட்சியில் 1930-ல் இயற்றிய சட்டம்! 2000-ல்தான் இத்தாலிய அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. நாபோத்தின்மீது சுமத்திய குற்றமும் தெய்வ நிந்தனைதானே!

தண்டனை பெற்ற அந்த மனிதர் அடுத்து எடுத்தது மத்தேயு எழுதிய சுவிசேஷத்தை. 1962 அக்டோபரில் அவர் அசிசி நகரில் கிறிஸ்தவ அமைப்பொன்றின் விருந்தினராயிருந்தபோது, போப் இருபத்துமூன்றாம் ஜான் வருகையால் தெருவெல்லாம் கூட்டம். அறையிலேயே தங்கிய பசோலினி, கட்டிலருகே கிடந்த சுவிசேஷத்தை எடுத்தார், ஒரே மூச்சில் படித்தார். 1963-ல் பாலஸ்தீனம் சென்று இடம் பார்த்தார், பொருந்தவில்லை. தென் இத்தாலியின் மத்தேரா நகரைத் தேர்ந்தார். குகைகளிலே மனிதரும் மாடும் ஒன்றாக வாழ்ந்த ஊர் அது. அங்கிருந்த ஏறத்தாழ 15,000 பேரைக் குடிபெயர்க்க 1952-ல் தனிச் சட்டமே செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சுவர்கள் எருசலேமாயின. அந்தக் குடியானவர்களின் முகங்களே திரையை நிறைத்தன. ஒப்பனையில்லை, பொன் மகுடமில்லை. வசனம் மத்தேயுவின் வாசகமே. சிலுவையடியில் அழுத மரியாளாக வந்தவர் இயக்குநரின் தாய் சுசன்னா. அவருடைய இளைய மகன் குய்தோ, 1945-ல் கெரில்லாப் படைகளுக்குள் மூண்ட பூசலிலே கொல்லப்பட்டவன். அழுகையைக் கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை அங்கே இருக்கவில்லை.

1964-ல் வெனிஸ் விழாவிலே நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும், கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் பரிசும் அதற்குக் கிட்டின. ஐம்பதாண்டு கழித்து 2014-ல் வத்திக்கான் நாளேடு, ஏசுவைப் பற்றிய படங்களிலே தலைசிறந்தது இதுவே என்று எழுதிற்று.

ஏசுவாக நடித்தவன் என்ரிக்கே இராசோக்கி, 19 வயது ஸ்பானிய மாணவன். பிராங்கோவின் சர்வாதிகாரத்தை எதிர்த்த மாணவர் போராட்டத்துக்கு ஆதரவு தேடி இத்தாலி வந்த இடத்திலே பசோலினி கண்டெடுத்த முகம். (அவனுக்கும் குரல் வேறொருவருடையதே, இத்தாலியத் திரையின் வழக்கம் அது. லாட்டன் ஊராருக்கு நேர்ந்ததை நினைவூட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) அப்போது ஸ்பெயினிலே ஏசு படத்துக்குப் பஞ்சமில்லை. சாமுவேல் பிரான்ஸ்டன் என்னும் அமெரிக்கப் பட அதிபர் 1961-ல் "அரசர்க்கரசர்" என்ற ஆடம்பரப் படத்தைப் பிராங்கோ ஆட்சியின் நல்வரவோடு அங்கேதான் எடுத்து முடித்திருந்தார். இராசோக்கி நாடு திரும்பினான். பொதுவுடைமைப் பிரசாரப் படத்தில் நடித்தான் என்று கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவனைக் கட்டாய இராணுவச் சேவைக்கு அனுப்பி வைத்தனர்.