கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்த பெண்களின் விழிப்புணர்வு

கருப்பைவாய்ப் புற்றுநோய் என்பது கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி யோனியோடு சேரும் இடத்தில் தோன்றும் நோய். பேச்சு வழக்கில் கர்ப்பப்பை வாய் கேன்சர். இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாகக் காணப்படுவது இதுதான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். இத்தனைக்கும், இதற்குக் காரணமான வைரஸ் தொற்று ஏற்பட்டதிலிருந்து புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இடையில் எப்போது கண்டுபிடித்தாலும் நோய் வராமலே தடுத்துவிடலாம். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு.

விழிப்புணர்வு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று படிகள் உண்டு. நோயின் பெயரைக் கேட்டிருப்பது முதல் படி. காரணமும் அறிகுறியும் தெரிந்திருப்பது அடுத்தது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே பரிசோதனைக்குப் போவது மூன்றாவது. உயிரைக் காப்பது மூன்றாவது படிதான். ஆள் குறைவதும் அங்கேதான். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒருமுறை இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது முன்னணி. ஆனாலும் பத்துப் பெண்களில் ஒன்பது பேர் பரிசோதனை மேசைக்கு வந்ததே இல்லை என்பதும் இதே கணக்குத்தான்.

காரணமும் இடர்க் காரணிகளும்

ஏறக்குறைய எல்லாக் கருப்பைவாய்ப் புற்றுகளுக்கும் மூலகாரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி. ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களின் முற்பகுதியில் இதன் 16, 18ஆம் வகைகளைப் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தார். உலகில் கருப்பைவாய்ப் புற்றுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இந்த இரண்டு வகைகளே பொறுப்பு. அவருக்கு 2008இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எச்பிவி உடலுறவு வழியே பரவுகிறது. இந்த ஒரு வரியை நம் ஊர்க் கூட்டங்களில் விளக்குவதுதான் மிகக் கடினம். “அப்படியானால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வராது” என்று ஒரு பக்கம் முடிவு கட்டிவிடுவார்கள். நோய் வந்தவளின் நடத்தையைச் சந்தேகிப்பது மறுபக்கம். இரண்டும் தவறு. மணவாழ்க்கை நடத்தும் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தொற்று வந்து போகிறது. கணவன் ஒருவனை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். விலகாமல் தங்கிவிடுகிற சிலரிடமே அது காலப்போக்கில் புற்றாகிறது.

தங்கிவிடும் வாய்ப்பைக் கூட்டுகிறவை: இளவயதுத் திருமணம், அடுத்தடுத்துப் பல பிரசவங்கள், புகையிலை, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு. எச்ஐவி தொற்றுள்ள பெண்களுக்கு இந்நோய் வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. வறுமையும் ஒரு காரணிதான். அது வைரஸைத் தருவதில்லை. மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடுகிறது.

வீட்டுப் பேச்சில் அறிகுறிகள்

தொடக்கத்தில் வலி இருக்காது, எதுவுமே தெரியாது. முற்றத் தொடங்கும்போது உடலுறவுக்குப் பின் உதிரம் படுதல், இரண்டு மாதவிலக்குக்கு நடுவே உதிரப்போக்கு, மாதவிலக்கு நின்று ஆண்டுகள் ஆனபின் மீண்டும் கறை படுதல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இடுப்பு வலி ஆகியவை தோன்றும்.

இவை ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. வெள்ளைப்படுதல் என்றால் உடம்புச் சூடு. வெந்தயத்தை ஊறவைத்துக் குடி, இளநீர் குடி. இடுப்பு வலி என்றால் பிரசவத்தில் சரியாகப் பத்தியம் இருக்கவில்லை. நின்றுபோன தீட்டு மறுபடி வந்தால் “கெட்ட ரத்தம் வெளியேறுகிறது, நல்லதுதான்” என்று சொல்லும் பாட்டிகள் உண்டு. வெள்ளைப்படுதல் எல்லாமே புற்று அல்ல; பெரும்பாலும் சாதாரணத் தொற்றாகவோ இயல்பானதாகவோதான் இருக்கும். ஆனால் நின்றபின் படும் உதிரத்துக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அதை ஒரு மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்ற அச்சமும் வலுவானது. திசுப் பரிசோதனைக்குக் கடுகளவு சதை எடுப்பதால் இந்நோய் பரவுவதில்லை. ஏற்கெனவே முற்றிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் சிகிச்சைக்குப் பின் இறந்ததைப் பார்த்தவர்கள், கத்திமேல் பழியைப் போட்டார்கள். தாமதத்தால் வந்த சாவு சிகிச்சையின் கணக்கில் எழுதப்பட்டது.

பரிசோதனை எப்படி நடக்கிறது

கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகொலாவு உருவாக்கிய பாப் ஸ்மியர், 1940கள் முதல் பரவியது. கருப்பைவாயிலிருந்து செல்களை வருடி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் முறை அது. பணக்கார நாடுகளில் இந்நோயை வீழ்த்தியது இதுவே. ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும், தகட்டைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், முடிவு வந்ததும் பெண்ணைத் திரும்ப வரவழைக்கவும் வேண்டும். திரும்பி வருவதற்கு இன்னொரு நாள் கூலியை விடவேண்டும் என்ற இடத்திலேயே பலருக்கு அது முறிந்தது.

அதனால் இந்தியக் கிராமங்களுக்கு ஒரு எளிய வழி வந்தது. சமையலறை வினிகரின் செறிவுள்ள அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துச் செவிலியர் கருப்பைவாயில் ஒற்றுவார். ஒரு நிமிடம் காத்திருப்பார். மாறுதல் அடைந்த திசு இருந்தால் அந்த இடம் மட்டும் வெளுக்கும். விளக்கு வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். விஐஏ என்று இதைச் சொல்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் பெண்ணுக்குச் சிறு எரிச்சல் இருக்கலாம், அவ்வளவுதான். எழுந்து சேலையைச் சரிசெய்வதற்குள் முடிவு தெரிந்துவிடும். வெளுத்த இடத்தைக் குளிரூட்டியோ சூடேற்றியோ அழிக்கும் சிகிச்சையைப் பல நேரங்களில் அன்றே செய்யலாம். மயக்க மருந்து தேவையில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து வராமலிருப்பவர்களுக்கு முதலில் சொல்லவேண்டிய செய்தி இது.

அம்பிளிக்கை

இந்த எளிய முறை உண்மையில் உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு உலகுக்கு விடை சொன்னது திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையம், அடையாறு புற்றுநோய் நிறுவனம், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. முகமையின் சார்பில் முன்னின்றவர் மருத்துவர் ஆர். சங்கரநாராயணன்.

பகுதிகளை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு விஐஏ பரிசோதனை. மீதி 57இல் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு உருப்பெருக்கி வழியே பார்த்ததும் உறையவைக்கும் சிகிச்சை அளித்ததும் அவர்களே. அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். பத்தில் ஒருவருக்கு வெளுப்புத் தெரிந்தது. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த பகுதிகளில் புதிய நோயாளிகள் 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. முப்பதுகளில் இருந்த பெண்களிடம் பலன் இன்னும் கூடுதல்.

இந்த எண்களில் கவனிக்காமல் விடப்படுவது, வராத மூன்றில் ஒரு பங்கினர். செலவில்லை, அலைச்சலும் அதிகமில்லை. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து விளக்கிவிட்டும் போயிருக்கிறார். அப்படியும் ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. தகவல் போய்ச் சேராததுதான் சிக்கல் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணிக்கையோடு சற்று நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். காட்டு வேலை, கூச்சம், கணவனின் சம்மதம், “எனக்குத்தான் ஒன்றும் இல்லையே” என்ற நியாயம் இவையெல்லாம் துண்டறிக்கையால் கரைகிறவை அல்ல.

பின்னர் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வு, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிவி பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்தாலே அது இறப்பைப் பாதியளவு குறைக்கும் என்று 2009இல் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் இப்போது முதலிடம் தருவது இந்த முறைக்கே. இதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம் என்பதால், கூச்சத்துக்குப் பாதி மருந்து இதிலேயே இருக்கிறது.

சென்னையும் அரசுத் திட்டங்களும்

அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கியவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1954இல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த அந்த இடத்தை, மகன் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் வி. சாந்தாவும் வளர்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அங்கே ஏற்பட்ட சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு, நகரப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்ததைப் பதிவுசெய்தது. இன்று அந்த இடம் மார்பகப் புற்றுக்குப் போய்விட்டது. பரிசோதனை மட்டுமே இதற்குக் காரணமென்று சொல்லமுடியாது. திருமண வயது உயர்ந்ததும், பிரசவங்கள் குறைந்ததும், பெண்கள் படித்ததும் சேர்ந்து செய்த வேலை. அதே மாற்றங்களில் சில, குறிப்பாக முதல் பிள்ளை பிறக்கும் வயது தள்ளிப்போவது, மார்பகப் புற்றின் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன.

தமிழ்நாடு அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007 வாக்கில் முன்னோட்டமாகத் தொடங்கிய விஐஏ பரிசோதனை, 2012 முதல் மாநிலமெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு விரிந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு சேர்த்து இதையும் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கு விரல் நுனியை நீட்டும் பெண் இதற்கு மட்டும் “அடுத்த வாரம் வருகிறேன்” என்பாள்.

தடுப்பூசி

எச்பிவி தடுப்பூசி 2006இல் சந்தைக்கு வந்தது. தொற்று ஏற்படுமுன், அதாவது 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. இலங்கை 2017 முதல் பள்ளி மாணவிகளுக்கு அரசுத் திட்டமாகவே போடுகிறது. இந்தியாவில் பாதை கரடுமுரடானது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் பள்ளி மாணவிகளுக்குப் போட்ட ஒரு முன்னோட்டத் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்தார்கள். இறப்புகளுக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணையில் சொல்லப்பட்டது. ஆனால் பெற்றோரின் ஒப்புதலை முறையாகப் பெறாதது நியாயமான கண்டனத்துக்கு ஆளானது. 2010 ஏப்ரலில் எல்லா எச்பிவி தடுப்பூசி ஆய்வுகளும் நிறுத்தப்பட்டன.

அதில் ஒரு எதிர்பாராத விளைவு. அப்போது அம்பிளிக்கை உட்பட ஒன்பது மையங்களில் இரண்டு தவணையா மூன்றா என்று ஒப்பிடும் வேறொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதுவும் பாதியில் நின்றதால் பல ஆயிரம் சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தபோது, ஒரு தவணையே 16, 18ஆம் வகைகளின் நிலைத்த தொற்றிலிருந்து ஏறக்குறைய அதே பாதுகாப்பைத் தருவது தெரிந்தது. ஒரு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றதற்கு இதுவும் ஒரு சான்று. 2023இல் புனேயின் சீரம் நிறுவனம் உள்நாட்டுத் தடுப்பூசியான செர்வாவாக்கை வெளியிட்டது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்நோய் பதிவாகவில்லை என 2024இல் அறிவிக்கப்பட்டது.

ஊசி போட்டவருக்கும் பின்னாளில் பரிசோதனை தேவை. எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை. ஊசி போடும் வயதைக் கடந்துவிட்ட தாய்மார்களுக்குப் பரிசோதனை ஒன்றே வழி. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளவேண்டும். மாதவிலக்கு இல்லாத ஒரு நாளில் போனால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது.