ராஜா தப்பே செய்யமாட்டார்!

உங்கள் ஸ்கூட்டர் திருடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து போலீஸ் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. 'கேஸ் முடியறவரைக்கும் எங்ககிட்டயே இருக்கட்டும் சார், சாட்சிப் பொருள்' என்கிறார்கள். நீங்களும் பெருந்தன்மையோடு தலையாட்டுகிறீர்கள். ஒருநாள், ஸ்டேஷனில் இருக்கும் ஒருவர் அதில் ஜாலியாக ஒரு ரவுண்டு கிளம்பி, மரத்தில் மோதி நொறுக்கிவிடுகிறார். நஷ்டஈடு கேட்கிறீர்கள். 'வண்டி எங்க கஸ்டடியில இருந்தப்போ உடைஞ்சது. அதனாலதான் பணம் தர முடியாது' என்று பதில் வருகிறது!

'யோவ், உங்க கஸ்டடியில உடைஞ்சதாலதானே கேக்கறேன்' என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள், இல்லையா?

அமெரிக்காவில் இது நிஜமாகவே நடந்தது. ஒரே வித்தியாசம், அது ஸ்கூட்டர் அல்ல. ஃபெராரி எஃப்50!

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். ஃபெராரி கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி 1995-லிருந்து 97 வரை தயாரிக்கப்பட்டது. மொத்தமே 349 கார்கள்தான். 'மார்க்கெட்டில் 350 பேர் வாங்கத் தயாராக இருந்தால் நாம் 349 தான் செய்யவேண்டும்' என்பது கம்பெனியின் வியாபார தந்திரம். பன்னிரண்டு சிலிண்டர்கள், 500 குதிரை சக்திக்கு மேல். என்ஜினின் பூர்வீகம் ஃபார்முலா ஒன் பந்தயக் கார்! ஓட்டுகிறவருக்கு நிஜமான பந்தய அனுபவம் கிடைக்கவேண்டும் என்பதற்காக பவர் ஸ்டியரிங் கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக் கிடையாது. சக்கரம் வழுக்கினால் தானாகக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் சமாசாரமும் கிடையாது. அத்தனை சக்தியும் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும். வளைவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் போதும், பின்பக்கம் வாலைச் சுழற்றுவதுபோல விலகிவிடும். பயந்துபோய் காலைச் சட்டென்று எடுத்தால் இன்னும் மோசம்!

2003-ல் அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே ரோஸ்மான்ட் என்ற ஊரில் உள்ள ஃபெராரி ஷோரூமுக்கு ஒருவர் வந்தார். கார் வாங்க வந்தவர் மாதிரியே பேசினார். 'ஒருதடவை ஓட்டிப் பார்க்கிறேனே' என்றார். சாவியைக் கொடுத்தார்கள். போனவர் போனவர்தான்! ஷோரூமுக்கு மோட்டார்ஸ் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி பணத்தைக் கட்டியது. அப்படிக் கட்டிவிட்டால், கார் எப்போதாவது கிடைத்தால் அது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தம். அதுதான் விதி.

2008-ல் கென்டக்கி மாநிலத்தில் கார் கிடைத்தேவிட்டது! எஃப்.பி.ஐ. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டது, திருடியவர் மீதான வழக்குக்காக. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் 'தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று சம்மதித்தது.

2009 மே 27. லெக்ஸிங்டன் நகரம். காரை வேறு இடத்துக்கு மாற்றவேண்டியிருந்தது. ஓர் எஃப்.பி.ஐ. அதிகாரி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்து சீட்டில் அரசாங்க வழக்கறிஞர் ஒருவர். 'வண்டியை அனுப்பறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு ரவுண்டு வர்றீங்களா?' என்று அதிகாரி கேட்க, இவர் ஏறி உட்கார்ந்தார் (இதை பிற்பாடு ஒரு மின்னஞ்சலில் அந்த வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார்). பார்க்கிங்கைவிட்டு வெளியே வந்த சில வினாடிகளில் ஒரு வளைவு. பின்பக்கம் வழுக்கியது. அதிகாரி சமாளிக்கப் பார்த்தார். கார் இப்படியும் அப்படியும் ஆடி, நடைபாதை விளிம்பில் ஏறி, ஒரு புதரிலும் சின்ன மரத்திலும் போய் மோதி நின்றது. அவ்வளவுதான், போச்சு!

திருடன் கையில் ஐந்து வருஷம் பிழைத்திருந்த கார், போலீஸ் கையில் சில வினாடிகள்கூடத் தாங்கவில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏழரை லட்சம் டாலர் கேட்டது. அரசாங்கம் கையை விரித்தது. 'சரி, என்னதான் நடந்தது? ஃபைலையாவது காட்டுங்கள்' என்று தகவல் அறியும் சட்டப்படி கேட்டதற்கும் சரியான பதில் இல்லை. வெளியே வந்த முக்கியமான காகிதம், நான் மேலே சொன்ன அந்த மின்னஞ்சல்தான். எதற்காக அந்த 'ரவுண்டு' என்ற கேள்விக்கு அதில் விளக்கம் கிடையாது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது.

இங்கே நாம் சரித்திரத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

'ராஜா தப்பே செய்யமாட்டார்' என்பது இங்கிலாந்தின் பழைய சட்டக் கோட்பாடு. ராஜாவின் கோர்ட்டில் ராஜாவையே எப்படி நிறுத்துவது? ராஜாவை விரட்டிவிட்டுக் குடியரசான அமெரிக்கா, இந்தக் கோட்பாட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. அரசாங்க வண்டி உங்களை இடித்துவிட்டதா? கோர்ட்டுக்குப் போகமுடியாது. உங்கள் எம்.பி.யைப் பிடித்து, உங்கள் ஒருவருக்காகவே பாராளுமன்றத்தில் ஒரு தனி மசோதா கொண்டுவரச் செய்யவேண்டும்! சொன்னால் சிரிப்பீர்கள், நிஜமாகவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

1945 ஜூலை 28, சனிக்கிழமை. நியூயார்க்கில் கடும் மூடுபனி. ராணுவத்தின் பி-25 குண்டுவீச்சு விமானம் ஒன்று வழிதவறி, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79-வது மாடியைச் சுற்றிப் பயங்கரமாக மோதியது. விமானத்தில் இருந்த மூவரோடு சேர்த்து 14 பேர் பலி. தவறு ராணுவ விமானத்தின்மீது. ஆனால், செத்தவர்களின் குடும்பங்கள் யார்மீது வழக்குப் போடுவது? வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த ஒரு சட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஒருவழியாக நிறைவேறியது. எம்பயர் ஸ்டேட் குடும்பங்களும் பயன்பெறும்படி, 1945 ஜனவரியிலிருந்தே அமலுக்கு வருவதாக எழுதினார்கள். இனி அரசாங்க ஊழியரின் அஜாக்கிரதைக்கு அரசாங்கம் பதில் சொல்லியாகவேண்டும்! ராஜா தப்பு செய்வார் என்று ஒப்புக்கொண்டார்கள்.

முழுசாக அல்ல. பின்னாலேயே விதிவிலக்குகள் வால் மாதிரி நீண்டன. அதில் ஒன்று: சுங்க அதிகாரிகளோ மற்ற சட்ட அமலாக்க அதிகாரிகளோ ஒரு பொருளைப் பிடித்து வைத்திருப்பதால் எழும் நஷ்டத்துக்கு வழக்கு கிடையாது.

இந்த ஒற்றை வரியில் விழுந்தவர்கள் பலர். கீழ்த்திசை நாடுகளின் கலைப்பொருள்களைச் சேகரித்த ஒரு கடற்படை வீரரின் பொக்கிஷத்தைக் கடத்தல் என்று சொல்லிச் சுங்கத்துறை அள்ளிக்கொண்டு போனது. அவர் குற்றவாளி இல்லை என்று விடுதலையானார். பொருள்கள் உடைந்துபோய்த் திரும்பி வந்தன. 'நஷ்டஈடு இல்லை' என்றது சுப்ரீம் கோர்ட், 1984-ல். பிறகு ஒரு சிறைக்கைதி. அட்லாண்டாவிலிருந்து வேறு சிறைக்கு மாற்றியபோது அவருடைய குர்ஆன் பிரதிகளும் தொழுகை விரிப்பும் காணாமல் போயின. மொத்த மதிப்பு 177 டாலர். அதற்கும் சுப்ரீம் கோர்ட் வரை போனார். சிறை அதிகாரியும் 'சட்ட அமலாக்க அதிகாரி'தான் என்று 2008-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். நடுவே, 2000-ல், பாராளுமன்றம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது. அரசாங்கமே எடுத்துக்கொள்வதற்காகப் பறிமுதல் செய்த பொருள் சேதமானால், சொந்தக்காரர் குற்றவாளியாக இல்லாத பட்சத்தில் கேட்கலாம். சாட்சியாக வைத்திருந்த பொருளுக்கு அந்த ஜன்னல் உதவாது.

ஃபெராரி சாட்சிப் பொருள்!

டெட்ராய்ட் நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்தவர் ஏவர்ன் கோன் என்ற மூத்த நீதிபதி. அந்த 'ரவுண்டு' தேவையா, தேவையில்லையா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது. கார் அரசாங்கத்தின் பிடியில் இருந்தது, அப்போது சேதமானது, ஆகவே விதிவிலக்கு பொருந்தும். 2011-ல் வழக்கு தள்ளுபடி. கம்பெனிக்கு ஒரு டாலர்கூட கிடைக்கவில்லை. எனக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்மீது பெரிய அனுதாபம் எதுவும் கிடையாது. இந்த ஒருமுறை மட்டும் 'அடப் பாவமே' என்று சொல்லத் தோன்றுகிறது!

'நம்ம ஊரிலே எப்படி சார்?' என்று கேட்பீர்கள். 1947 செப்டம்பரில், அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவரை மீரட்டில் சந்தேகத்தின்பேரில் பிடித்து, அவரிடமிருந்த நூறு தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. மறுநாளே அவரை விட்டுவிட்டார்கள். வெள்ளி திரும்பக் கிடைத்தது. தங்கம்? பொறுப்பிலிருந்த ஏட்டு அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கே போய்விட்டார்! வழக்கு நடந்து நடந்து, 'இது அரசின் இறையாண்மை சார்ந்த வேலை, நஷ்டஈடு கிடையாது' என்றது நம் சுப்ரீம் கோர்ட். கஸ்தூரிலால் வழக்கு என்று சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். இதற்கு ஒரு சட்டம் கொண்டுவாருங்கள் என்று நீதிபதிகளே அந்தத் தீர்ப்பில் கேட்டுக்கொண்டார்கள். அறுபதுகளில் மசோதா வந்தது, நிறைவேறாமல் போனது.

முப்பது வருஷம் கழித்து இன்னொரு வியாபாரி வந்தார், ஆந்திராவிலிருந்து. 1975-ல் அதிகாரிகள் அவருடைய உரத்தையும் தானியத்தையும் பிடித்து வைத்தார்கள். 'திருப்பிக் கொடு' என்று உத்தரவு வந்தபோது உரம் வீணாகியிருந்தது. அரசாங்கம் வழக்கம்போல இறையாண்மை என்றது. 1994-ல் சுப்ரீம் கோர்ட், அந்தப் பேச்சு இந்தக் காலத்துக்கு ஒத்துவராது, உரத்துக்குப் பணத்தை எடுத்துவை என்றது. லெக்ஸிங்டனில் அந்த ஃபெராரி மரத்தில் மோதுவதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பு!